நூறு எம்பி

ஷாபியா பத்து, மூன்றாம் மாடி.
பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து
அதன் கதவைக் கழற்றித் தலையணைமேல் சாய்த்திருந்தேன்.
ஏசி பதினெட்டில்.
ஆனாலும் விரல் வழுக்கியது.

எஸ்எஸ்டி, சூயிங்கம் பட்டையளவு.
சாய்வாகச் செருகி, அழுத்திப் படுக்கவைத்து,
ஒற்றைத் திருகாணி.
அது கம்பளத்தில் விழுந்து
அரைமணி நேரம் தேடினேன், கைபேசி வெளிச்சத்தில்.
ஒரு ஊக்கும் இருபத்தைந்து ஃபில்ஸ் காசும்
கிடைத்த பிறகுதான் அது கிடைத்தது.

மற்றது ரெஜிஸுடையது.
இரண்டு டெராபைட் ஹார்டு டிஸ்க், செங்கல் துண்டு கனம்.
கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது.
உள்ளே படங்கள், மறுபடி அதே படங்கள்,
பழைய கம்பெனியின் தீயணைப்புப் பயிற்சி வீடியோ,
"புது ஃபோல்டர்", "புது ஃபோல்டர் இரண்டு".
திற என்று சொன்னதில்லை,
திறக்காதே என்றும் சொன்னதில்லை.

பேசி வைத்திருந்தோம்:
சி எனக்கு, டி அவனுக்கு.
என் கம்பி அட்டவணைகள்,
பதினாறு எம்எம், இருபது எம்எம், வெட்டு நீளம், வளைவு நீளம்,
முசாஃபாவில் யாரோ வளைக்கப்போகும் இரும்பு.
கிளிக்கியதும் திறக்க வேண்டும்.
அவ்வளவுதான் என் ஆசை.

ஹம்தான் தெருக் கடையில் புனலூர்க்காரர் சொன்னார்:
"சிஸ்டம் போடும்போ பழசை ஊரி வெக்கணும், கேட்டோ."
கேட்டேன்.
ஆனால் கேபிள் மாட்டியாயிற்று,
மறுபடி குனிய யாரால் முடியும்.

ஒன்பது நொடியில் திரை வந்தது.
பின்னால் நின்று கைதட்டினான்.
பெட்டிக்குள் அவனுடையது சுழன்றது:
ஒரு கரகரப்பு, ஒரு விக்கல், பிறகு ஒரே ரீங்காரம்.
தூக்கத்தில் அவனும் அப்படித்தான்.

இருபத்தெட்டு நாள் கடலில், இருபத்தெட்டு நாள் கரையில்.
செவ்வாய்க்கிழமை ரிக்குக்குக் கிளம்பும்போது
டிஸ்கையும் கழற்றிச் சாக்ஸுக்குள் சுருட்டிக்கொண்டான்.
"அங்க நெட்டு இழுக்காது. படமாச்சும் பாக்கணும்ல."

புதன் காலை பொத்தானை அழுத்தினேன்.
கறுப்பு. அதில் வெள்ளையாய் ஒரு வரி:
துவக்கும் சாதனம் எதுவும் இல்லை.

பயாஸுக்குள் போனால் என்னுடையது இருக்கிறது,
பெயரோடு, கொள்ளளவோடு.
கோப்பெல்லாம் உள்ளேதான்.
எழுந்திருக்க மட்டும் தெரியவில்லை.

மதியம்வரை படித்ததில் புரிந்தது.
எழுப்பிவிடும் அந்த முதல் துண்டை,
வெறும் நூறு எம்பி,
என்னைக் கேட்காமல்
அவனுடையதில் எழுதி வைத்திருக்கிறது.
மூன்று வாரமாக ஒன்பது நொடி, ஒன்பது நொடி என்று
நான் பீற்றிக்கொண்டதெல்லாம்
அந்தச் செங்கல் சுழன்று தலையாட்டிய பிறகுதான்.

வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்.
நான்கு மணிக்கு இரண்டாவது விழுந்தது.
"ஹெலிகாப்டர்ல குடுத்து விடவா?"
கூடவே மூன்று சிரிப்பு முகம்.
வியாழன் மாலைக்குள் நாற்பது தூண்களுக்கு அட்டவணை போகவேண்டும்.
நான் சிரிக்கவில்லை என்பது எழுத்தில் தெரியாது.
பார்த்துக்கிறேன் என்று போட்டேன்.
எப்படி என்று அவன் கேட்கவில்லை.

கீழ்வீட்டு நாதியாவின் மகனிடம் லேப்டாப் வாங்கி,
அரபி எழுத்துக்கு நடுவே ஆங்கிலத்தைத் தேடி,
பென்டிரைவில் இறக்கி,
கறுப்பு ஜன்னலில் எட்டு வரி.
சியின் ஓரத்தில் நூறு எம்பி நறுக்கினேன்.
அதற்கு ஒரு எழுத்து வேண்டுமாம், எஸ் கொடுத்தேன்.
ஒரு இடைவெளி தவறி ஆறாவது வரி மூன்று முறை.
வெளியே மண்காற்று,
கண்ணாடி முழுக்கத் தேநீர் நிறம்.

எட்டு நொடி.
நம்பாமல் அணைத்துப் போட்டேன். எட்டுதான்.
விசிறியைத் தவிர ஒரு சத்தமில்லை.
கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்
தூண்களுக்குப் போனேன்.

வந்தவன் பையைக்கூட இறக்கவில்லை.
"பாவம், ஒரு மாசமா செத்துக் கெடந்துச்சா"
என்று சாக்ஸிலிருந்து எடுத்துச் செருகினான்.
பொத்தானை நீயே அழுத்து என்றான்.
கரகரப்பு, விக்கல், ரீங்காரம்.
ஒன்பது நொடி.

கைதட்டினான்.
நானும் தட்டினேன்.