எந்தத் தலைப்பில்

சொல்லுக்கு எண்பது பைசா.
எங்கோ பனி பெய்யும் நாட்டுச் சட்ட முன்வடிவு.
அங்கே வாக்குள்ள தமிழர்கள் படிப்பதற்காம்.
பதினோரு பக்கம், வெள்ளிக்குள் வேண்டும்
என்கிறது சென்னையிலிருந்து வந்த மின்னஞ்சல்.

பிரிவு மூன்று:
'ஒருவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ள
உதவும் எச்செயலுக்கும்
பொது நிதியிலிருந்து ஒரு காசும் செலவிடலாகாது.'

'உதவும்' என்ற இடத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன்.
வேறு சொல் இல்லை.
காலையில் கஞ்சி பொங்கி வழிய
அடுத்த பங்கு மெய்யம்மை ஓடி வந்து இறக்கினாளே,
அதற்கும் இதே சொல்தான்.

செக்காலையில் இந்த வீட்டுக்குப் பதினான்கு பங்கு.
கூரை ஒழுகினால்
ஈப்போவிலிருந்து ஒரு கையெழுத்து வர வேண்டும்.
எங்களுக்கு இரண்டாங்கட்டில் ஓர் அறை.
அதில் வயிரவன், மூன்று வருடமாய்.
ஊரார் கணக்கையெல்லாம் தணிக்கை செய்தவர்.
நரம்பு ஒவ்வொன்றும் நிலுவை தீர்த்துக்கொண்டு போக
மிச்சம் இரண்டு கண்.

இருமுறை இமைத்தால் எழுத்துப் பலகை.
முதலில் மெய் வரிசை, பிறகு உயிர் வரிசை.
கண் நின்ற இடங்களை நான் சேர்ப்பேன்.
மெய்யின் மேல் உயிர் ஏறும் என்று பள்ளியில் சொன்னார்கள்.
இவ்வளவு மெதுவாய் ஏறும் என்று சொல்லவில்லை.

இதை அவருக்குத் தெரியாமல் முடிக்கத்தான் நினைத்தேன்.
என் முணுமுணுப்பை அவர் காது விடுவதில்லை.
பிரிவு மூன்று முடிந்ததும் பலகை கேட்டார்.
'எந்தத் தலைப்பில்?'
சிரித்துவிட்டேன்.
செலவாகாத பணம் எந்தத் தலைப்பில் மிஞ்சும், அதுதான் கேள்வி.
தேடினேன். பிரிவு ஐந்தில் ஒரு விலக்கு:
'வலி தணிக்கத் தரும் மருந்து,
அதனால் முடிவு விரைந்தாலும், இத்தடையில் அடங்காது.'
அந்த மருந்தை யார் வாங்குவது என்று பிரிவு இல்லை.

இங்கே செவ்வாய்தோறும் ரோஸ்லின் வருகிறாள்,
ஸ்கூட்டியில், அரசுச் சம்பளத்தில்.
புண்ணைத் துடைத்து, தன் மாமியாரைத் திட்டி,
அவர் கண்ணில் சிரிப்பு வந்த பிறகுதான் போவாள்.
மாத்திரைக்கு மதுரை. மூன்று கையெழுத்து.
இருப்பு இல்லையென்றால் மறுவாரம்.
சளி உறிஞ்சும் மெஷினுக்குக் கரண்ட், கரண்ட் போனால் பேட்டரி,
பேட்டரி தீர்ந்தால் என் கை.

அந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை.
செத்தால் செலவு குறையும் என்று
எந்தக் கணக்கும் சொல்லிவிடக் கூடாது.
போன மாதம் அவர் தம்பி வந்து
வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்,
எத்தனை நாளைக்கு என்றா, எவ்வளவு ஆகும் என்றா,
இரண்டுக்கும் ஒரே குரல்தான் இருந்தது.

வியாழன் இரவு பலகை கேட்டார்.
ச்.
ஆ.
என் கை ஆடிற்று.
வ்.
பலகையைக் கவிழ்த்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தேன்.
திரும்பி வந்து நிமிர்த்தியபோது
அவர் கண் உயிர் வரிசைக்குப் போனது.
இ-க்கும் உ-வுக்கும் நடுவே ஒரே எழுத்து: ஈ.
கொடு என்று பொருள்.
அங்கே கொஞ்சம் நின்றது,
என் முகத்துக்கு வந்தது,
போய் இ-யில் இமைத்தது.

சாவி.

மேசை இழுப்பறைச் சாவி. உள்ளே மின் கட்டண அட்டை.
நாளையோடு கெடு.

பல்லவன் ஊதிப் புறப்படும்வரை தூங்கவில்லை.
காலையில் வரிசையில் நின்று கட்டினேன்.
ரசீதைக் கண்ணருகே பிடித்தேன்,
தொகையைச் சரிபார்த்தார்.
வேறெதையும் நான் கேட்கவில்லை,
அவரும் பலகை கேட்கவில்லை.

மாலையில் அனுப்பிவிட்டேன்.
'உதவும்' அப்படியேதான் இருக்கிறது.
இரண்டாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் சொல்.
பணம் வந்ததும் பேட்டரி மாற்ற வேண்டும்.