முன்பணம்

எஸ்கில்ஸ்டுனாவில் சனிக்கிழமைச் சந்தை.
விழலாமா வேண்டாமா என்று பனி யோசித்துக்கொண்டிருக்கிறது.
மேசைமேல் பச்சைக் கம்பளி,
கம்பளிமேல் பதினேழு சவரக்கத்திகள்.
ஒன்பது பளபளக்கின்றன. சிக்ஸ்டன் வேலை.
எட்டு, மழைக்கு முந்தைய வானம்போல் கிடக்கின்றன. அவை என்னுடையவை.
கடை ஒன்று, கணக்கு ஒன்று,
சண்டையும் ஒன்றேதான், ஆறு வருடமாக.

அவனிடம் மோட்டார் உண்டு, பருத்திச் சக்கரம் உண்டு,
சோப்புக்கட்டிபோல் பச்சை மெழுகும் உண்டு.
அரை மணி கொடுத்தால் போதும்,
கத்தியில் பார்த்து மூக்குமயிர் எண்ணலாம்.
"வாங்குகிறவன் கழுத்தில் வைக்கப்போகிறான்" என்பான்,
"கல்லறையில் தோண்டி எடுத்ததுபோல் இருந்தால்
எவன் வைப்பான்?"

சிவப்பு வேறு, கறுப்பு வேறு என்பேன் நான்.
சிவப்பு தின்னும், அதை விட்டுவைக்கக்கூடாது.
கறுப்பு, தின்று முடித்து
வாசலில் படுத்துவிட்ட நாய்.
இன்னொன்றை உள்ளே விடாது.
தவிர, சக்கரத்துக்கு எங்கே நிற்பதென்று தெரியாது.
போன மே மாதம் ஓர் அலகில்
தங்க வரியில் கப்பல் ஒன்று இருந்தது,
மூச்சுப் பட்டாலே கலையும் தங்கம்.
சிக்ஸ்டன் மெருகேற்றி முடித்தபோது
கடல் மட்டும் மிச்சம்.

செம்புக்குக் களிம்பு கூடப்பிறந்தது.
எஃகுக்கு அப்படியில்லை,
யாராவது ஈரக்கையால் தொட்டிருக்க வேண்டும்,
துடைக்க மறந்திருக்க வேண்டும்.
யாரோ கதவைத் தட்டியிருக்கலாம்.
பால் பொங்கியிருக்கலாம்.

பன்னிரண்டாம் எண் கத்தி அப்படி ஒன்று.
கொம்புப் பிடி, அகன்ற அலகு,
நடுவே பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை.
அதற்கு நானே ஓர் ஆளைச் செய்துவைத்தேன்.
பூட்டுத் தொழிற்சாலைக்காரன்,
இடதுகைப் பழக்கம், ஞாயிறு மட்டும் சவரம்.
கடைசி ஞாயிறு துடைக்காமலே போய்விட்டான்.
எங்கே என்று சொல்லமாட்டேன்.
கேட்பவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்துவார்கள்.

ஓர்வோக்கி பேருந்து ஓட்டுகிறாள்,
இரண்டாம் எண் தடம்.
மூன்று சனிக்கிழமை வந்தாள்.
தொடவில்லை, குனிந்து பார்த்தாள், அவ்வளவுதான்.
"இதைத் தேய்த்துவிடாதீர்கள்" என்று
இருநூறு குரோனர் முன்பணம் வைத்தாள்.
மீதி ஐந்நூறு சம்பளம் வந்ததும்.

நேற்றிரவு எண்ணெய் தடவ எடுத்தேன்.
விளக்கைச் சாய்த்தபோது
ரேகைக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு,
லேசாக வளைந்து.
மீன் டப்பா மூடி கிழித்த தழும்பு
என் விரலிலும் அங்கேதான் வளைகிறது.
வைத்துப் பார்த்தேன்.
பொருந்தியது.
செப்டம்பரில், ஏலத்தன்று மழை.
கையுறை இல்லாமல் பெட்டியைக் கிளறியவள் நான்.
பூட்டுத் தொழிற்சாலையும் இல்லை, ஞாயிறும் இல்லை.
இடதுகைப் பழக்கம் மட்டும் உண்மை.

சிக்ஸ்டனிடம் சொல்லவில்லை.
அவன் சக்கரத்துக்கு நான் மின்சாரம் கொடுப்பானேன்?
மெருகேற்றினால் பொய் போகும், முன்பணமும் போகும்.
வைத்திருந்தால்
செத்தவன் விரல் என்று ஒருத்தி
அலமாரியில் என் விரலை வைத்துக் கும்பிடுவாள்.

பத்தரை மணிக்கு வந்தாள், சீருடையோடு.
ஐந்நூறைக் கம்பளிமேல் வைத்தாள்.
நான் கத்தியை நீட்டவில்லை,
விரலை நீட்டினேன்.
அலகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மறுபடி அலகை.
"கை ஈரமாக இருந்ததா?"
"மழை."
கொஞ்ச நேரம் ஆற்றின் பக்கம் திரும்பி நின்றாள்.
பிறகு ஐந்நூறிலிருந்து ஒரு நூறை
எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.
"ஆள் உயிரோடு இருப்பதற்கு" என்றாள்.
கத்தியைத் துணியில் சுற்றச் சொன்னாள்,
துடைக்காமல்.

நூறு ஏன் குறைகிறது என்று சிக்ஸ்டன் கேட்டான்.
கறை புதுசு என்றேன்.
அவன் அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டு
என் மிச்சம் ஏழில் ஒன்றை
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான்,
வெறுங்கையால்.