செத்தவர்களுக்கு நாள்கூலி

அரசடியில் மணப்பெண் அலங்காரக் கடை எனக்கு.
ஆடியில் கலியாணம் இல்லை.
அதனால் ஒப்புக்கொண்டேன்
நாற்பது பேரைப் பிணமாக்கித் தர.

கொழும்புப் பெடியன்கள். ஸோம்பிப் படமாம்.
"சோம்பி எண்டா சோம்பேறியா?" என்று கேட்டார் சாமித்தம்பி.
நாவலடி மணலில்
கூரையில்லா வீடுகளைச் சுற்றி வந்த டைரக்டர்
"செட்டே போடத் தேவையில்லை" என்று கைதட்டினான்.
அலை வந்த வருஷம் அவனுக்கு மூன்று வயது.

திராய்மடுவிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள்,
முன்பு இங்கே இருந்தவர்கள்.
ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு,
மத்தியானம் சோற்றுப் பார்சல்.

மணப்பெண்ணுக்குப் பூசும் அதே பவுண்டேசன்,
இரண்டு நிறம் வெளுப்பாக.
கண்ணுக்குக் கீழே கண்மையும் சாம்பலும்.
இரத்தத்துக்குச் சர்பத்தில் கோதுமை மா குழைத்தேன்.
எறும்பு வந்துவிட்டது.
செத்தவர்கள் எல்லோரும்
சொறிந்துகொண்டே நின்றார்கள்.

கோமளேஸ்வரிக்கு மட்டும் நான் கைவைக்கவில்லை.
காதடியில் தொடங்கித் தோள்வரை இறங்கும் தையல்.
"சூப்பர் மேக்கப். யார் போட்டது?"
என்றான் கமராக்காரன்.
"பெரியாஸ்பத்திரி" என்றாள்.

காலை இழு, கழுத்தைச் சாய், வாயைப் பிள என்று
ஒருவன் நடை பழக்கினான்.
"இது பேய் நடையில்ல மனே" என்றார் சாமித்தம்பி.
"பேய்க்குக் கால் நிலத்தில படாது.
வாவிக்கு மேலால நெருப்புக் கக்கிப் போனா கொள்ளிவாய்.
சுண்ணாம்பு கேட்டா மோகினி.
ஒண்டும் மூளை தின்னாது."
"இது வெளிநாட்டுப் பேய், ஐயா."
"இரிக்கட்டும். அதுக்கும் வீடு வாசல் இல்லையா?
எங்க போகப் பாக்குது?"
டைரக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.
வெளிச்சம் போகுது என்று யாரோ கத்தினார்கள்.

தெற்கே தலைவைத்துப் படுக்கச் சொன்னதும்
இரண்டு பெண்கள் எழும்பி
மற்றப்பக்கம் திரும்பிப் படுத்தார்கள்.
மெகாபோனில் டைரக்டர் கூவினான்:
"செத்தவங்க எல்லாரும் எழும்புங்க!"

நாற்பது முகமும்
ஒரே நேரத்தில்
கடல் பக்கம் திரும்பின.

"கட்! கமராவைப் பாருங்க, கடலை இல்லை!"

மறுகா ஒருதரம்.
கதாநாயகி ஒளிந்திருக்கும் சுவரை நோக்கிக்
கூட்டமாக வரவேண்டும்.
வரவில்லை.
மணலில் கலைந்து
ஆளுக்கொரு சுவருக்குப் போனார்கள்.
ஒருத்தி கிணற்றடிக்கு.
ஒருவர் கழிவறைப் பீங்கான் மட்டும் மிஞ்சிய இடத்துக்கு.
சாமித்தம்பி ஒரு வாசற்படியில் நின்று
செருப்பைக் கழற்றிச்
சோடியாக ஓரத்தில் வைத்து
உள்ளே போனார்.

"கட், கட்! ஸோம்பி செருப்புக் கழட்டாது ஐயா!"
"சரி தம்பி" என்று திரும்பி வந்தார்.
அடுத்த டேக்கிலும் கழற்றினார்.
ஏழாவதில் வெறுங்காலோடு படுக்கவைத்தோம்.

தண்ணீர் பவுசர் வரவேயில்லை.
பூசியது பூசியபடி பஸ் ஏறினோம்.
கல்லடிப் பாலத்தடியில் மறித்து
டோர்ச் அடித்த பொலிஸ்காரன்
வரிசையாக முகங்களைப் பார்த்தான்.
பின்னுக்கு ஒரு அடி வைத்தான்.
இறங்கச் சொல்லவில்லை. கார்ட் கேட்கவில்லை.
"போ, போ."
"முந்தியே செத்திருந்தா
எத்தினை மணித்தியாலம் மிச்சம்" என்று
பின்சீட்டில் யாரோ சொல்ல
பஸ் முழுக்கச் சிரித்தது.
சிரிக்கச் சிரிக்க மா வெடித்து
மடியில் உதிர்ந்தது.

அரசடியில் நான் இறங்கும்போது
கோமளேஸ்வரி ஜன்னலால் தலையை நீட்டினாள்.
"நாளைக்கும் அந்தச் சத்தம் போடுவாங்களா கா?"
"எது?"
"எழும்பச் சொல்லி."
"போடுவாங்க."
"கொஞ்சம் உரத்துப் போடச் சொல்லுங்க.
அங்கால காத்துக் கூட."