அரைப்பேர்

பேராதனையில்
ஈயப் பெட்டியைத் திறந்து
இடுக்கியால் எடுத்துக் கொடுத்தான் ஹிஷாம்.
கிண்ணம் என் கைக்கு வந்ததும்
இரண்டடி பின்னால் போனான்.
இத்தனூண்டு குளிசை.
ருசியுமில்லை, சூடுமில்லை.

பதினைந்து நாளாய் உப்பில்லா ரொட்டி,
கருவாடு இல்லை, முட்டை இல்லை.
கழுத்தைப் பட்டினி போட்டுத்தான்
பந்தி வைக்க வேண்டுமாம்.
பசித்த தைராய்டு
அயடின் என்று பேர் சொன்னால் கதவைத் திறக்கும்,
நல்லதா கெட்டதா பார்க்காது,
அடையாள அட்டை கேட்காது.
எங்கள் தாத்தாவிடம் மட்டும்தான் எல்லோரும் கேட்டார்கள்.

கடிதாசியில் ஓர் உடம்பு வரைந்து காட்டினான்.
குடலிலிருந்து இரத்தத்தில் ஏறும்.
ஏறியது எல்லா ஊருக்கும் போகும்.
எச்சில் சுரப்பியில் கொஞ்சம் இறங்கும்
(மறுநாள் காதடியில் வீங்கியது,
தேசிக்காய் இனிப்பைச் சப்பிக்கொண்டு கிடந்தேன்).
கத்திக்குத் தப்பிய மிச்சத்தைக் கழுத்தில் தேடிப்பிடித்து
அதற்குள்ளேயே உட்கார்ந்து சுடும்.
இடம் கிடைக்காதது
வியர்வையாய், மூத்திரமாய் வெளியே வரும்.
பால் இருந்தால் பாலிலும்.
அதற்காகத்தான் இரண்டு மாதம் முந்தியே
சின்னவனுக்கு மறக்கடித்தேன்,
வேப்பெண்ணெய் பூசி.

"எட்டு நாளில் பாதியாகும், அக்கா.
இன்னும் எட்டில் பாதியின் பாதி.
உடம்பு அதுக்கு முன்னமே தள்ளிவிடும், தண்ணி குடிங்க."
முழுசாய் எப்ப முடியும் என்றேன்.
கணக்குப்படி எப்பவும் முடியாது என்று சிரித்தான்.

எனக்கு விளங்கியது.
கொழுந்து பதினெட்டுக் கிலோ தேறாவிட்டால்
கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவார்.

மூன்றாம் நாள் துண்டு கொடுத்து அனுப்பினார்கள்.
தனி அறை. தனிக் கக்கூசு.
பிள்ளைக்கும் தாய்க்கும் இரண்டு மீட்டர்.
பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில்
ஐந்து பேர் படுக்கிறோம்.
எந்த மூலையில் நின்று அளந்தாலும்
இரண்டு மீட்டரில் ஒருத்தர் கிடக்கிறார்.

கம்பளையில் பஸ் நிறைந்தது.
நிறைமாதக்காரி ஒருத்தி
மூச்சு வாங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
எழும்பினேன்.
"வாடிவென்ன அக்கே" என்றாள், சீட்டைத் தட்டி.
வேண்டாமென்று தலையாட்டிப் பின்கதவுக்குப் போனேன்.
அவள் முகம் மாறியது.
என்ன நினைத்தாளோ.
நாற்றமென்றா, இனமென்றா, திமிரென்றா.
வயிற்றிலிருக்கும் உன் பிள்ளைக்கும்
இத்தனூண்டு கழுத்து முளைத்திருக்குமே என்று
சிங்களத்தில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.
புசல்லாவை வரைக்கும் நின்றேன்.
கொத்மலைத் தண்ணீர் வளைவுக்கு வளைவு தெரிந்தது,
மறைந்தது.

தொரை பழைய உரக்காம்பராவைத் தந்தார்.
பொட்டாஷ் மூட்டைகளை யோகராசா ஓரம் தள்ளினான்.
ஹிஷாம் இதையும் சொல்லியிருந்தான்:
சீசியம் வந்தால் பொட்டாசியமென்று சதை ஏமாறும்,
ஸ்ட்ரோன்சியம் வந்தால் சுண்ணாம்பென்று எலும்பு ஏமாறும்.
உங்களுக்கு அது இல்லை, பயப்படாதீங்க என்றான்.
பயமில்லை.
ஆனால் இராத்திரி மூட்டைகளுக்கு முதுகு காட்டித்தான் படுத்தேன்.

பின்னால் ஒரு குழி, தகரத்தால் மறைத்தது.
அங்கிருந்து கானுக்கு, கானிலிருந்து ஓடைக்கு,
ஓடை கொத்மலைக்கு.
என்னிலிருந்து கொஞ்சம்
சக்கரம் சுற்றி, கம்பியேறி,
லயத்து பல்பாய் எரியும் என்று நினைத்தேன்.
அப்படி இல்லை என்று தெரியும்.
நினைத்தேன்.

வாசலுக்கு எதிரே சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தான்.
சாயங்காலம் சின்னவன் அதுவரை வருவான்,
பாட்டா செருப்போடு, மூக்கொழுகி.
ஒருநாள் பந்தை எறிந்தான்.
உருண்டு என் காலடிக்கு வந்தது, எடுத்துவிட்டேன்.
என் உள்ளங்கை வியர்த்திருந்தது.
திருப்பி எறியவில்லை.
அவன் கையை நீட்டியபடி நின்றான்,
பிறகு உட்கார்ந்தான்,
பிறகு அழுதான், பிறகு மறந்துபோய்
கோட்டைக் காலால் அழித்தான்.

யோகராசா திரும்பப் போட்டான்,
அளக்காமல்.
கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது.

இன்று எட்டாம் நாள்.
பெரட்டுக்குக் கொம்பு ஊதிவிட்டார்கள்.
பந்து என்னிடம்தான் இருக்கிறது.