வாங்காத பத்துக் குதிரை

பதினைந்து குதிரை வேணுமென்று
ஒற்றைக்காலில் நிற்கிறான் என் கொழுந்தன் கன்னியப்பன்.
படகே பன்னிரண்டடி.
காவேரிப்பாக்கம் ஏரி கலங்கல் தாண்டி வழிந்தாலும்
இக்கரைக்கும் அக்கரைக்கும்
அவன் கணக்கில் ரெண்டு பீடித் தூரம்.
"அவ்ளோ வேகம் இன்னாத்துக்கு?"
"மொதல் வண்டிக்கு மீன் ஏத்தணும், அண்ணி."
முதல் வண்டி ஓடுவது ரோட்டில்.
அதற்கும் இதற்கும் நடுவே
ஐஸ்காரன் கடை திறக்க வேண்டும்.

சீட்டெடுத்த பணம் என்னுடையது.
அதனால் வாலாஜாவுக்கு நானும் போனேன்.

ஜமீல் பாஷா பட்டறையில்
பால் கேனுக்குக் காது ஒட்டுவார்கள்,
பஸ்ஸுக்குப் பக்கத்தகடு அடிப்பார்கள்.
படகு இதுதான் முதல்.
சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் ஒரு படகு வரைந்து
"ஏறுங்க" என்றார்.

ஏறினேன்.
கோட்டுக்குள் செருப்பைக் கழற்றினேன், ஏனென்று தெரியவில்லை.
இங்கே ஐஸ் பெட்டி. இங்கே வலை.
இழுக்கிறவள் இங்கே, அதாவது நான்.
விளிம்பு முட்டிக்குக் கீழே இருந்தால்
வலையே என்னைத் தள்ளிவிடும்.
முட்டிக்கு மேல் ஒரு சாண்.
தன் சாணை வைத்து அளந்தார், பிறகு அழித்து
என் சாணை வைக்கச் சொன்னார்.

அடி கூரா தட்டையா?
கூரான அடி அலையைக் கிழிக்கும்.
மாசி தாண்டினால் எங்களிடம் அலை ஏது,
சேறுதான். தட்டை.
தகடு ரெண்டு மில்லி போதும் என்றார்.
தண்ணிக்குள் வெட்டிவிட்ட கருவேலக் கட்டைகளைச் சொன்னேன்.
மூன்று.
உள்ளே பச்சை அடிக்கணும், பளபளப்பு வேண்டாம்;
இந்த வெயிலை ஒருதரம் பார்த்தால் போதும்,
கீழிருந்தும் பார்க்க முடியாது.
உட்காரப் பலகை மரத்தில்.
அலுமினியத்தில் சித்திரை மாதம்
தோசைதான் ஊற்றலாம்.
தரைக்கு ரப்பர் விரிப்பு:
டார்ச் லைட்டு கைதவறி விழுந்தால்
பனப்பாக்கத்து மீன் வரைக்கும் விழித்துக்கொள்ளும்.

கடைசியில் குதிரை.

பாஷா பேசவில்லை.
சாக்குப் படகின் பின்கோட்டில்
ஒரு பதினைந்து கிலோ எடைக்கல்லை வைத்தார்,
இன்னொன்றை, இன்னும் ஒன்றை.
"பதினஞ்சு எச்.பி. இவ்ளோ.
பின்னாடி குந்திக்கும்.
முன்னாடி குந்தறவர் ஆகாசத்தைப் பாக்கலாம்."

ஐந்து என்றால் இருபத்தைந்து கிலோ.
ஒரு அரிசி மூட்டை.
ராத்திரி கழற்றி நானே வீட்டுக்குத் தூக்குவேன்.
பதினைந்துக்கு ரெண்டாள் வேண்டும்,
ரெண்டாவது ஆள் கன்னியப்பன்,
அவன் எழுவது ஒன்பது மணிக்கு.

காசிமேட்டில் கைமாறிய ஐந்து வாங்கினோம்.
துடுப்புக்கு ரெண்டு வளையம் வைக்கச் சொன்னபோது
"இன்ஜின் இருக்கும்போது அது எதுக்கு?" என்றான்.
கார்த்திகையில் முதல் நாள்
நடு ஏரியில் ஆகாயத்தாமரை விசிறியில் சுற்றிக்கொண்டு
அவனுக்குப் பதில் சொன்னது.
துடுப்புப் போட்டது நான்.
குனிந்து கொடி அறுத்தது அவன்.
திரும்பி வரும்போது கைப்பிடியைக் கடைசிவரை முறுக்கினான்.
ஐந்து குதிரையும் ஓடின,
பதினாறு கிலோ கட்லாவும் நாங்களும்.
"பரவால்ல" என்றான்
தண்ணியைப் பார்த்து.

இப்போது சித்திரை.
ஏரியில் ஆடு மேய்கிறது.
படகு கரைமேல் கவிழ்ந்திருக்கிறது,
தொட்டால் சுடும்.
இன்ஜின் கட்டிலுக்கடியில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது,
பெட்ரோல் வாசத்தில் என் மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

சாயங்காலம் வெடித்த சேற்றுக்கு அப்பால்
கருவேல நிழலில்
நாங்கள் வாங்காத பத்துக் குதிரையும் மேய்கின்றன.
தீவனச் செலவில்லை, கொழுத்திருக்கின்றன.
எனக்கு மட்டும்தான் தெரிகிறது என்றிருந்தேன்.

கன்னியப்பன் கரையில் உட்கார்ந்து
அதே பக்கம் பார்க்கிறான்,
வலதுகை மட்டும்
இல்லாத கைப்பிடியை
மெதுவாக முறுக்கிக்கொண்டிருக்கிறது.