கூப்பன் வெட்டிய பிரதி

கண்ணாடி உறைக்குள் போடச் சொல்கிறான்
கொழும்பிலிருந்து வந்த அன்ஸ்லம்.
ஹட்டன் ஈரத்துக்கு உறை புழுங்கும்,
கம்பி துருப்பிடித்து நடுப்பக்கம் செம்மண்ணாகும்.
போடமாட்டேன்.

கெட்டி அட்டை ஆண்டுமலரும் வேண்டாம்.
அது நத்தாருக்கு மாமாமார் வாங்குவது.
லண்டனில் வாராவாரம் அடித்த
மட்டமான கடதாசிதான் எனக்குக் கதை.
மை விரலில் ஒட்டவேண்டும்.
விமானி விழுந்துகொண்டே இருக்கவேண்டும்
அடுத்த புதன்வரை.

என் விமானி
நாற்பத்தெட்டு வருடமாய் விழுகிறான்.
தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது,
துரை கப்பலேறினார்,
பழைய பேப்பர் கடைக்கு
அடுத்த இதழ் வரவேயில்லை.

கூப்பன் வெட்டிய பிரதிக்கு விலை இல்லையாம்.
வெட்டினது ஒரு பொடியன், அன்ஸ்லம்!
பங்களா மேசையில் நாக்கைக் கடித்துக்கொண்டு
கத்தரி பிடித்திருப்பான்.
அந்தச் சதுர ஓட்டைவழியே
அடுத்த தாளின் நாய்வால் தெரியும்,
பார்த்திருக்கிறாயா?

போன மாதம் அவன்
அந்த அடுத்த இதழோடு வந்தான்.
உறைக்குள். ஒரு மடிப்பு இல்லை.
காசு வாங்கவில்லை.

லாச்சியில் கிடக்கிறது.
உறையை நான் இன்னும் கழற்றவில்லை.
மழை விடட்டும்.