ஏழும் எட்டும்

காலை ஆறே முக்காலுக்கு மோட்டாரில் பாலம் ஏறினேன்.
கான்கிரீட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே
இரும்புப் பற்கள் கோத்த இடைவெளி,
டக்-டக் என்று முதுகெலும்புக்குச் சொல்லும்.
வெயில் ஏற ஏறப் பாலம் நீளும்.
நீள்வதற்கு இடம் விட்டிருக்கிறார்கள்,
மறக்காமல்.

நேற்று நான்காம் எண் பிரிண்டரின் தலையில்
கறுப்பு நைலான் பலாக்கொட்டை போலத் திரண்டு கிடந்தது.
ஹீட்டரை விழுங்கி, தெர்மிஸ்டர் வயரை விழுங்கி
இன்னும் பசியோடு பளபளத்தது.
முந்நூற்று அறுபது வெள்ளி, என்றார் மிஸ்டர் ஊய்.
யார் நாசில் மாற்றியது?
லாக் புக்கில் கையெழுத்து: சற்குணன்.
வேலைக்கு வந்து பத்தொன்பது நாள்.

வார்னிங் லெட்டர் மலாயில் இருந்தது, ஒரே பத்தி.
அவன் வாங்கி நான்காக மடித்தான்.
சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தான்,
பிறகு என்னை.
ஒன்றும் சொல்லவில்லை.
தாள் நான் எழுதியது.
ஒன்பது படிகள், இரண்டு மொழிகள்,
லாமினேட் போட்டு, மூலை வளைத்து வெட்டி.

குளிரில் எல்லா உலோகமும் நல்ல பிள்ளைதான்.
இருநூற்று எழுபது டிகிரியில்தான் குணம் தெரியும்.
அலுமினியக் கட்டி முதலில் பருக்கும்.
அதன் வயிற்றில் திருகிய பித்தளை நாசில்
கொஞ்சம் பின்தங்கும்.
மேலே டைட்டானியக் குழாய்,
பந்தியில் மூன்று முறை கூப்பிட்டாலும் எழாத சம்பந்தி.
பச்சைச் சூட்டில் கல்லாய் இறுகியிருந்த மரை
கொதிப்பில் இளகும்.
நாசில் முகமும் குழாய் முகமும்
ஒன்றையொன்று விடும்.
மயிரிழையில் பாதி இருக்காது அந்தச் சந்து.
உருகிய நைலானுக்கு அது
தண்ணீர்மலைக்குத் தேர் போகும் சாலை.

அதனால்தான் முதலில் சூடேற்ற வேண்டும்.
பத்து நிமிடம் விட வேண்டும்.
பிறகு கட்டியை ஒரு ஸ்பேனரால் பிடித்து
கடைசிக் கால் சுற்றைக்
கொதிப்பிலேயே முடுக்க வேண்டும், மெதுவாக.
கூடினால் மரை அறும், குறைந்தால் ஒழுகும்.
கையுறைக்கு மேலே மணிக்கட்டு முடி
பொசுங்கும் வாசனை வரும்.
ஆறு வருடமாக என் கை இதைச் செய்கிறது.
கைக்குத் தெரிந்ததைத்
தாளுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஏழு: நாசிலை முடுக்கவும்.
எட்டு: இயந்திரத்தைச் சூடேற்றவும்.

இரண்டும் இடம் மாறியிருந்தால் போதும்.
வேறு ஒன்றும் வேண்டாம்.

ராத்திரி பிறையில், மின்விசிறிக்குக் கீழே,
சோறு அள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடாமல்
அந்த நான்கு மடிப்பை எண்ணிக்கொண்டிருந்தேன்.
லிப்டுக்குக் காத்திருந்தபோதே சொல்லியிருக்கலாம்.
நோரஸ்லினா நின்றாள், அதனால் இல்லை.
யாரும் நிற்காவிட்டாலும் இல்லை.

இப்போது ஏழு இருபது.
ஏழு இயந்திரங்களும் ஏர்கானில் விறைத்து நிற்கின்றன.
பிளேடால் லாமினேட்டைக் கிழித்தேன்.
மார்க்கரால் எட்டிலிருந்து ஏழுக்கு மேலே
ஓர் அம்பு.
பக்கத்தில்: சூட்டில் முடுக்கவும். சூட்டில் மட்டும்.
கீழே கட்டம்.
திருத்தியவர்: அம்சவேணி.
தேதி:

போன வாரத் தேதி போட்டால் அவன் தாளைப் படிக்கவில்லை.
இன்றைய தேதி போட்டால் நான் எழுதவில்லை.
யார் வந்து மையை முகர்ந்து பார்க்கப் போகிறார்கள்.

மூன்றாம் எண்ணை ஆன் செய்தேன், சும்மா.
இருபத்து மூன்று. நாற்பது. தொண்ணூறு.
உள்ளே எங்கோ
டிக்,
டிக்,
ஒவ்வொன்றும் தன் அளவுக்கு நகரும் சத்தம்.
நூற்று எண்பது.

இன்றைய தேதியைப் போட்டேன்.

கீழே ஊயின் காரைக் காணோம்.
சற்குணனின் மோட்டார் வந்துவிட்டது,
ஹெல்மெட்டைக் கழற்றாமல்
அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறான்.